பிரையர் சுங்கான்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

பிரையர் (மத்தியதரைக் கடலோரத்துப் புதர் ஒன்றின் அடிக்கட்டை) கட்டையில் கையால் சுங்கான், அதாவது புகையிலை புகைக்கும் பைப், செய்கிறவர்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை துளையில்தான் பிறக்கின்றன. வெளி வடிவம் பிடிக்கவில்லை என்றால் அரம் போட்டு மாற்றிக்கொள்ளலாம், சாயம் பிடிக்கவில்லை என்றால் உப்புத்தாள் தேய்த்து மறுபடி அடிக்கலாம், ஆனால் துளை கோணலாகப் போய்விட்டால் திரும்பி வர வழி கொஞ்சம்தான். அதனால் இதில் துளைக்குத்தான் அதிக இடம், பளபளப்புக்குக் கொஞ்சம்தான்.

உங்கள் சுங்கானில் தெரியும் அறிகுறியைத் தேடி நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கட்டையையே மாற்ற வைக்கும் காரணம் கடைசியில் வரும். முதல் சோதனையிலேயே சரியாகிவிட்டால் அடுத்ததைத் தொடாதீர்கள். நன்றாக இருக்கும் இடத்தில் அரத்தை வைத்துப் புதுக் கோளாறை உண்டாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அளவுகள் எல்லாம் சாதாரண அளவுள்ள சுங்கானுக்குச் சொல்வது: புகையிலைக் குழி 19 அல்லது 20 மி.மீ. அகலம், 35 முதல் 40 மி.மீ. ஆழம், காற்றுத் துளை 4 மி.மீ., ஸ்டெம்மின் (வாயில் வைத்து இழுக்கும் குழாய்) டெனான் (அதன் முனையில் நீட்டியிருக்கும் முளை) உட்காரும், கட்டையின் கழுத்தில் உள்ள மார்டிஸ் துளை 8 மி.மீ. கையில் வெர்னியர், ஒரு கட்டு பைப் கிளீனர், பேனா டார்ச், ஊசி அரங்கள், கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் போதும். கடின மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலேயே இருக்கிறது, ஸ்டெம் செய்யும் கெட்டி ரப்பரான எபொனைட்டின் தூளும் நல்லதில்லை, எனவே ஐந்து நிமிட வேலையானாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

## இழுக்கும்போது களகளவென்று சத்தம், வாயில் கசப்பு நீர்

முதலில் புகையிலையைப் பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்திவிட்டால் மெல்ல விரிய வேண்டும், உருண்டையாகவே ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் அதிகம். தட்டில் பரப்பி அரை மணி நேரம் காயவிட்டு மறுபடி முயலுங்கள். வேகமாக இழுப்பவர்களுக்கும் எந்தச் சுங்கானிலும் நீர் சேரும்.

அது சரியாக இருந்தால் அடுத்து கிளீனர் சோதனை. ஸ்டெம்மைக் கழற்றாமலே, வாய்ப்பக்கத்திலிருந்து பைப் கிளீனரை உள்ளே விடுங்கள். தடையில்லாமல் குழியின் அடிவரை வந்துவிட்டால் துளையில் பெரிய குறை இல்லை. எங்காவது முட்டினால் அந்த இடத்தில் கிளீனரைக் கட்டைவிரலால் பிடித்தபடி வெளியே இழுத்து, சுங்கானின் பக்கத்தில் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள், முட்டிய இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். பத்தில் எட்டு தடவை அது டெனானின் நுனிக்கும் மார்டிஸ் அடிக்கும் இடையில்தான் இருக்கும்.

அங்கே இடைவெளி இருந்தால். வெர்னியரின் ஆழம் அளக்கும் கம்பியால் மார்டிஸின் ஆழத்தை அளந்து, அதிலிருந்து டெனானின் நீளத்தைக் கழியுங்கள். அரை மி.மீ. வரை இருந்தால் பரவாயில்லை. 2 மி.மீ. என்றால் புகை அங்கே திடீரென்று விரிந்து, குளிர்ந்து, நீராகத் தேங்கும். களகளப்பு அந்த நீரின் சத்தம்தான். மார்டிஸ் ஆழத்தைக் குறைக்க முடியாது, டெனானைத்தான் நீளமாக்க வேண்டும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் கம்பியில் செய்த டெனானாக இருந்தால் அதை எடுத்துவிட்டு நீளமாக ஒன்று போடுவது அரை நாள் வேலை.

இடைவெளி இல்லை, ஆனாலும் முட்டுகிறது என்றால். டெனானின் துளை 3 மி.மீ., கழுத்தின் துளை 4 மி.மீ. என்று வித்தியாசம் இருக்கும். டெனான் துளையின் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் கையாலேயே திருகிப் புனல்போல விரித்துவிடுங்கள். மெஷினில் போட வேண்டாம், ஒரு நொடியில் டெனானின் சுவர் மெலிந்துவிடும்.

வளைந்த சுங்கானாக இருந்தால். காற்றுத் துளை மார்டிஸின் அடி நடுவில் வராமல் மேல் ஓரத்தில் வந்திருக்கும், அதை டெனானின் விளிம்பு பாதி மூடிவிடும். டார்ச்சை மார்டிஸுக்குள் அடித்துப் பாருங்கள். கொஞ்சம்தான் மறைகிறது என்றால் வட்ட ஊசி அரத்தால் அந்த ஓரத்தைச் சரிவாக்கலாம். பாதிக்கு மேல் மறைகிறது என்றால் அரம் போட்டுப் பயனில்லை, அந்தக் கட்டையைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## இழுக்கவே கஷ்டமாக இருக்கிறது, அல்லது விசில் அடிக்கிறது

புகையிலை போடாமல் வெறும் சுங்கானை இழுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் காற்று வந்தால் கோளாறு புகையிலை அடைப்பதில் இருக்கிறது, அடியில் தளர்வாகவும் மேலே கொஞ்சம் இறுக்கமாகவும் அடைக்கப் பழகினால் போதும். வெறுமனே இழுக்கும்போதே விசில் அடித்தால் எங்கோ துளை ஒடுங்குகிறது. ஸ்டெம்மைக் கழற்றி அதை மட்டும் வாயில் வைத்து இழுங்கள். விசில் இன்னும் இருந்தால் குறை ஸ்டெம்மில், நின்றுவிட்டால் கழுத்தில்.

ஸ்டெம்மில் என்றால் பெரும்பாலும் வாய்ப்பக்கப் பிளவுதான், அதாவது புகை வாய்க்குள் வரும் தட்டையான திறப்பு. 4 மி.மீ. வட்டத் துளையின் பரப்பு 12.5 சதுர மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். வாயில் வைக்கும் இடத்தில் ஸ்டெம்மே 4 மி.மீ. கனம்தான் இருக்கும், அதற்குள் பிளவின் உயரம் 1.5 மி.மீ.க்கு மேல் போக முடியாது. அப்படியானால் அதே அளவு காற்று வர அகலம் 8.5 மி.மீ.யாவது வேண்டும். பலர் பிளவை 5 மி.மீ. அகலத்தில் நிறுத்திவிடுகிறார்கள், விசில் அங்கிருந்துதான் வருகிறது. தட்டையான ஊசி அரத்தால் இரண்டு பக்கமும் விசிறிபோல விரித்துக்கொண்டே போங்கள், நாலைந்து தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து ஒரு கட்டத்தில் காணாமல் போய்விடும், அங்கே நிறுத்துங்கள். கடைசியில் சுருட்டிய 600 உப்புத்தாளை உள்ளே விட்டு மழமழப்பாக்காவிட்டால் கிளீனர் மாட்டும்.

கழுத்தில் என்றால் துளைக்குள் மரத்தூள் இறுகியிருக்கலாம். 4 மி.மீ. பிட்டைக் கையால் திருகி வெளியே எடுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## காற்றுத் துளை குழியின் அடியில் சரியாக வரவில்லை

துளை குழியின் அடித்தளத்தோடு ஒட்டி, நடுவில் வந்து திறக்க வேண்டும். குழிக்குள் டார்ச் அடித்து எங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

மேலே திறந்திருக்கிறது. அடியில் எரியாத ஈரப் புகையிலை ஒவ்வொரு முறையும் மிஞ்சும். 2, 3 மி.மீ. வரை உயரம் என்றால் அடித்தளத்தையே மேலே தூக்கிவிடலாம்: சுருட்டுச் சாம்பலைத் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, காற்றுத் துளைக்குள் ஒரு கிளீனரை வைத்துக்கொண்டு, அடியில் அப்பிச் சமப்படுத்துங்கள். சில நாள் தொடாமல் காயவிட வேண்டும், ஈரத்தோடு பற்றவைத்தால் பெயர்ந்துவிடும். அதற்கும் மேலே என்றால் இந்தப் பூச்சு நிற்காது.

கீழே இறங்கி அடியில் வாய்க்கால் வெட்டியிருக்கிறது. அடியில் இன்னும் எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வெளி உயரத்திலிருந்து உள் ஆழத்தைக் கழித்து, வாய்க்காலின் ஆழத்தையும் கழியுங்கள். 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதே சாம்பல் களியால் வாய்க்காலை நிரப்பலாம். அதற்குக் குறைந்தால் அடி சுடும், நாளாக ஆகக் கருகும். யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பக்கத்தில் விலகியிருக்கிறது. ஒன்றிரண்டு மி.மீ. விலகினால் புகைப்பதில் குறை தெரியாது, பார்க்கத்தான் சங்கடம். இது திரும்பத் திரும்ப நடந்தால் கட்டையைக் குறை சொல்லாமல் துளைக்கும் முறையைப் பாருங்கள். முதல் சந்தேகம் மழுங்கிய பிட். அடுத்தது அவசரம்: நீளமான 4 மி.மீ. பிட் மெல்லியது, கடினமான ரேகையில் பட்டால் மென்மையான பக்கமாக வளைந்து போகும். முதல் 10 மி.மீ. வரை குட்டையான பிட்டால் வழி போட்டு, அப்புறம் நீளப் பிட்டை விட்டு, 5 மி.மீ. போனதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே விடுங்கள். கருகல் வாசனை வந்தால் தூள் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மூன்றாவது, கட்டையைப் பிடித்திருக்கும் விதம். கோபன்ஹேகனில் வேலை செய்த சிக்ஸ்டன் ஐவர்சன் வடிவத்தை முதலில் செதுக்கிவிட்டு அதற்கேற்பத் துளை போடும் முறையைக் கொண்டுவந்தவர், டேனிஷ் சுங்கான்களின் அந்த ஓட்டமான வடிவங்கள் அதிலிருந்துதான் வந்தன. அந்த அழகுக்கு ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் துளை விலகிக்கொண்டே இருக்கும் வரை, கட்டை சதுரமாக இருக்கும்போதே வைஸில் இறுக்கித் துளை போட்டுவிட்டு அப்புறம் செதுக்குங்கள்.

## ஸ்டெம்முக்கும் கழுத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா?

சுற்றிலும் இருந்தால் டெனான் நீளம் அதிகமாகி அடியில் முட்டுகிறது, அரை மி.மீ. குறைத்துவிடுங்கள். முட்டாமலே இடைவெளி இருந்தால் டெனானின் அடிவாரத்தில், அது ஸ்டெம்மோடு சேரும் மூலையில், கொஞ்சம் சரிவு மிச்சம் இருக்கும். மார்டிஸின் வாயை மெல்லிசாகக் கவுண்டர்சிங்க் செய்தால் அந்தச் சரிவுக்கு இடம் கிடைத்து ஸ்டெம் உட்கார்ந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் கழுத்தின் முகம் மார்டிஸுக்குச் செங்குத்தாக இல்லை. இங்கேதான் பலர் முகத்தை உப்புத்தாளில் தேய்க்கிறார்கள், செய்யாதீர்கள், கை தேய்ப்பில் ஓரங்கள் உருண்டு இடைவெளி இன்னும் பெரிதாகும். நடுவில் 8 மி.மீ. வழிகாட்டிக் கம்பி வைத்த முகம் வெட்டும் பிட் வேண்டும், கம்பி மார்டிஸுக்குள் போய் நிற்பதால் வெட்டு தானாகவே செங்குத்தாக அமையும். அது இல்லையென்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். எட்டு மி.மீ. துளையை மையமாக வைத்து முகத்தை ஒரு சீவு சீவ வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் சக்கில் பிடிக்கும் இடத்தில் தோல் சுற்றித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த இணைப்பு சரியாக வந்த பிறகு ஸ்டெம்மைக் கழற்றிவைத்துக் கழுத்தைத் தேய்க்கவே கூடாது. இரண்டையும் சேர்த்து மாட்டிய நிலையில்தான் கடைசி உப்புத்தாள் வரை போக வேண்டும்.

## டெனான் இறுகிவிட்டது அல்லது தளர்ந்துவிட்டது

மழைக்காலத்தில் மரம் உப்பி இறுகுவது சகஜம். டெனான்மேல் பென்சிலால் கருப்பாகத் தேய்த்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். கழற்றவே வரவில்லை என்றால் ஃப்ரீசரில் சிறிது நேரம் வைத்து, உடனே நேராகத் திருகி இழுங்கள், எபொனைட் மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும். புகைத்த சூட்டோடு கழற்றினால் கழுத்து பிளக்கும், டெனான் முறியும்.

தளர்ந்திருந்தால் சில நாள் சும்மா விட்டுப் பாருங்கள், காய்ந்த காலத்தில் சுருங்கியது தானாகவே சரியாகலாம். அப்புறம் தேன்மெழுகு கொஞ்சம் தடவலாம். எபொனைட் டெனானாக இருந்தால் மெல்லச் சூடாக்கி, துளையைவிட இம்மி பெரிதான மழமழப்பான கம்பியை உள்ளே நுழைத்து ஆறவிட்டால் விரிந்துகொள்ளும். டெல்ரினில் இந்த வித்தை பலிக்காது, மாற்றத்தான் வேண்டும். டெல்ரினில் பசை ஒட்டாது என்பதால், ஸ்டெம்முக்குள் போகும் பாதியில் அரத்தால் இரண்டு மூன்று வளையக் கீறல்கள் போட்டு, எபாக்ஸி வைத்து, துளைக்குள் மெழுகு தடவிய கிளீனரை விட்டுவைத்து ஒட்டுங்கள்.

கழுத்தே பிளந்திருந்தால் வேறு கதை. கோடு முடியும் இடத்தில் 1 மி.மீ. துளை போட்டால் பிளவு அங்கேயே நிற்கும், அப்புறம் தண்ணீர்போல ஓடும் சூப்பர் குளூ. இது தற்காலிகம்தான். நிலைத்து நிற்க வெள்ளிப் பூண் வேண்டும், அதை வீட்டில் முயல வேண்டாம். சுங்கான் பழுது பார்ப்பவரிடமோ, பூண் போடத் தெரிந்த பொற்கொல்லரிடமோ கொடுங்கள்.

## செதுக்கும்போது கோடு அல்லது பொத்தல் தெரிகிறது

ஆல்கஹாலில் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். சுற்றியுள்ள மரம் சில நொடிகளில் உலர்ந்துவிடும். மேலோட்டமான கீறல் என்றால் அதுவும் சேர்ந்து உலரும், விரிசல் என்றால் உள்ளே ஊறிய ஆல்கஹால் வெளியே வந்துகொண்டே இருப்பதால் ஒரு கருப்புக் கோடு கடைசிவரை நிற்கும். அதன் நீளத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பொத்தல் பிரையரின் கூடப்பிறந்தது. இது எரிகா ஆர்போரியா என்ற புதரின் மண்ணுக்குள் வளரும் அடிக்கட்டை, கலாப்ரியா, கோர்சிகா, கிரீஸ், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலோரத்துக் கல்லு மண்ணில் பல பத்தாண்டுகள் வளர்வது, உள்ளே சிறு கல்லும் மண்ணும் சிக்கியிருப்பது சகஜம். சிறியது என்றால் அப்படியே விடுங்கள், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரையர் தூளும் சூப்பர் குளூவும் கலந்து அடைக்கலாம்தான், ஆனால் அந்த இடம் சாயத்தைக் குடிக்காது, புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். நிறைய இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிவிடுங்கள், பிடிக்கவும் நன்றாக இருக்கும்.

விரிசல் வெளிப்பக்கம் மட்டும் என்றால் செதுக்கிப் போக்கலாம். குழிக்குள்ளும் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மருந்தில்லை. புதுப்புது விரிசல்கள் வந்துகொண்டே இருந்தால் கட்டை காயவில்லை. பிரையரைப் பல மணி நேரம் வேகவைத்து மெதுவாக உலர்த்துவார்கள், உலர்வது முடியாமலே விற்கப்படும் கட்டைகளும் உண்டு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள், எடை குறைவது நிற்கும் வரை உளியை எடுக்காதீர்கள்.

பிரையர் கிடைக்கவில்லை என்று கண்ட மரத்தை எடுப்பவர்களுக்கு: ஆலிவ், செர்ரி, பேரி மரங்களில் சுங்கான் செய்வது உண்டு. அரளி கூடவே கூடாது, அது விஷம். பெயிண்ட், மருந்து ஏற்றிய பழைய கட்டைகளும் வேண்டாம்.

## சாயம் திட்டுத்திட்டாக இருக்கிறது, கீறல்கள் தெரிகின்றன

விரல் எண்ணெய், பசை பட்ட இடம் சாயம் குடிக்காது. ஆல்கஹாலால் துடைத்து மறுபடி அடியுங்கள். கீறல்கள் என்றால் உப்புத்தாளில் ஒரு படி தாண்டியிருப்பீர்கள். 220, 320, 400, 600 என்று வரிசையாகப் போக வேண்டும், ஒவ்வொன்றும் முந்தையதன் கோடுகளை முழுக்க அழித்த பிறகே அடுத்தது. சாயம் அடிக்கும் முன் ஈரத்துணியால் துடைத்தால் மரநார் எழும்பும், காய்ந்ததும் கடைசித் தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

ரேகை எடுப்பாகத் தெரியவில்லை என்றால் முதலில் கருப்புத் தோல் சாயம் அடித்து, காய்ந்த பிறகு 400 தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே பழுப்போ சிவப்போ அடியுங்கள். நார் முனைகள் கருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நடுவில் வெளிறிய மரம் இரண்டாவது நிறத்தை வாங்கும்.

## பளபளப்பு நிற்கவில்லை

வார்னிஷ் அடித்திருந்தால் சூட்டில் கொப்புளிக்கும், சுரண்டி எடுங்கள். கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கையால் தேய்த்து அந்தச் சூடு வராது, பஃப் சக்கரம் வேண்டும். மெழுகு அதிகமானாலும் மங்கும். ட்ரிபோலிக்கு (மெருகேற்றும் பொடிக் கட்டி) ஒரு சக்கரம், மெழுகுக்கு வேறு சக்கரம். சுங்கானைச் சக்கரத்தின் கீழ்ப் பாதியில் மட்டும் காட்டுங்கள், மேலே காட்டினால் பிடுங்கி எறிந்துவிடும்.

## ஸ்டெம் பச்சையாகிறது, வளைத்தது நிமிர்கிறது

எபொனைட் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்புப் பச்சையாகும். 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து பஃப் செய்தால் கருப்பு திரும்பும், அப்புறம் வெயில் படாமல் வையுங்கள். கார் டாஷ்போர்டில் வைத்தால் வளைத்த ஸ்டெம் நிமிரவும் செய்யும், ஏனென்றால் எபொனைட் சூடானால் பழைய நேர் வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். மறுபடி வளைக்கும்போது உள்ளே கிளீனரை விட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துளை நசுங்கும். அக்ரிலிக்குக்கு எபொனைட்டைவிடச் சூடு அதிகம் வேண்டும், அவசரப்பட்டு வளைத்தால் முறியும்.

## கிண்ணம் ஓரிடத்தில் மட்டும் சுடுகிறது

உடனே புகைப்பதை நிறுத்தி, ஆறியதும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சீரான கருப்பு என்றால் வேகமாக இழுத்ததுதான் காரணம், மெதுவாக இழுத்துப் பழகுங்கள். ஓரிடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் ஊசி முனையால் மெல்லக் குத்துங்கள். கெட்டியாக இருந்தால் மேல்பக்கம்தான் தீய்ந்திருக்கிறது, சாம்பல் களியைப் பூசிக் காயவைத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குப் பாதிக் குழி மட்டும் அடைத்துப் புகையுங்கள். கரிபோல உதிர்ந்தால் உள்ளே ஒளிந்திருந்த பொத்தலோ மெலிந்த சுவரோ காரணம். அதே இடத்தில் வெளிப்பக்கம் சாயமும் கருத்திருந்தால் தீ கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தைத் துளைத்தெடுத்துப் புதுப் பிரையர்த் துண்டு வைத்து அடைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு அந்தச் சுங்கான்மேல் அவ்வளவு பிரியம் என்றால் அவர்களிடம் அனுப்புங்கள். இல்லையென்றால் ஸ்டெம்மைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதே அளவு மார்டிஸ் போட்டு அடுத்த கட்டையைத் தொடங்குங்கள்.